ஏற்காட்டுல போன், சேலத்துல சர்வர்: கணக்கு கெடாம சிஸ்டம் கட்டுறது எப்படி

ஏற்காட்டு காபி எஸ்டேட்ல பறிச்ச பழத்தை எடை போட்டு போன்ல ஏத்துறாங்க, அது சேலம் அஞ்சு ரோட்டு ஆபீஸ் சர்வருக்கு வரணும், அங்கிருந்து கூலி கணக்குக்கும் லீ பஜார் குடோன் ஸ்டாக்குக்கும் போகணும்னு வைங்க. சொல்றப்ப சின்ன வேலைதான். ஆனா மேல மழை புடிச்சா சிக்னல் போயிடும், கரண்ட் போனா ரவுட்டர் போயிடும், கீழ சர்வர் பாட்டுக்கு ஓடிட்டிருக்கும், ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு கணக்கு வச்சுக்கிட்டு நிக்கும்.

முதல் வேலை கோடு எழுதறது இல்ல. ஒரு பேப்பர் எடுத்து எந்த தகவலுக்கு யாரு ஓனர்னு எழுதுங்க. எடைக்கு ஓனர் எஸ்டேட். கூலி ரேட்டுக்கு ஆபீஸ். ஸ்டாக்குக்கு குடோன். மத்தவங்க நகல் வச்சுக்கலாம், படிக்கலாம், ஆனா மாத்தணும்னா ஓனர்கிட்டதான் கேக்கணும். ஒரே தகவலை ரெண்டு இடத்துல மாத்தலாம்னு விட்டீங்கன்னா அப்புறம் எந்த டூல் வாங்கினாலும் அந்த சிக்கல் தீராது, சிஸ்டம் பெருசா இருக்கறதால வர்ற தலைவலியை விட இதனால வர்ற தலைவலிதான் அதிகம்.

அடுத்தது, தேவையில்லாம பிரிக்காதீங்க. மைக்ரோசர்வீஸ், அதாவது ஒரு சிஸ்டத்தை சின்ன சின்ன தனி புரோகிராமா பிரிக்கறதுன்னு எல்லாரும் சொல்றாங்கன்னு கூலி ஒரு சர்வீஸ், ஆள் பட்டியல் ஒரு சர்வீஸ், ரிப்போர்ட் ஒரு சர்வீஸ்னு வெட்டினா ஒவ்வொரு வெட்டுலயும் ஒரு நெட்வொர்க் வந்து உக்காந்துக்கும். கணக்கு போட்டு பாருங்க: 99.9 சதவீதம் ஓடுற சர்வீஸ் அஞ்சு, அஞ்சும் ஓடினாத்தான் வேலை நடக்கும்னா மொத்தம் சுமார் 99.5 தான் தேறும். மாசத்துக்கு 43 நிமிஷம் படுத்தது இப்ப மூணரை மணி நேரம் படுக்கும். சேலம் ஆபீஸ்க்குள்ள இருக்கறது எல்லாம் ஒரே புரோகிராம், ஒரே டேட்டாபேஸ்னு இருக்கட்டும். மலைக்கும் ஊருக்கும் நடுவுல இருக்கற பிரிவு மட்டும் நிஜமான பிரிவு, அதை நம்மளால ஒண்ணும் பண்ண முடியாது, அதுக்குத்தான் மூளையை செலவு பண்ணணும்.

இப்ப முக்கியமான இடம். போன் 38 கிலோன்னு அனுப்புது, பதில் வரல. இதுக்கு மூணு அர்த்தம் இருக்கு: போகவே இல்ல, போயி பாதியில செத்துச்சு, இல்ல எல்லாம் முடிஞ்சு பதில் மட்டும் வழியில தொலைஞ்சுச்சு. போன்ல இருந்து பாத்தா மூணும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். திரும்ப அனுப்பலன்னா அந்த பழத்தை பறிச்ச அம்மாவோட ஒரு நாள் கூலி போச்சு, அனுப்பினா 76 கிலோ ஆயிடலாம். வழி என்னன்னா, எடை போட்ட அந்த நொடியே போன்லயே ஒரு தனி ஐடி போட்டுடுங்க, எத்தனை தடவை அனுப்பினாலும் அதே ஐடி. சர்வர் டேபிள்ல அந்த ஐடி கட்டம் யூனிக்னு, அதாவது ஒரே ஐடி ரெண்டு தடவை ஏற முடியாதுன்னு இருக்கணும், எடையும் ஐடியும் (ஏறினா ரெண்டும் ஏறணும், இல்லன்னா ரெண்டும் ஏறக்கூடாதுங்கற மாதிரி) ஒரே டிரான்சாக்‌ஷன்ல ஏறணும், ரெண்டாவது தடவை வந்தா எர்ரர் காட்டாம "ஏற்கனவே ஏறிடுச்சு"ன்னு பழைய பதிலையே கொடுக்கணும். சர்வருக்கு வந்தப்புறம் ஐடி போடறது பிரயோஜனமே இல்ல, ஏன்னா ரெண்டாவது தடவை வர்றப்ப அதுக்கு புது ஐடி கிடைச்சுடும்.

இதே ஓட்டை ஆபீஸ்க்கும் குடோனுக்கும் நடுவுலயும் இருக்கு. எடையை டேட்டாபேஸ்ல எழுதிட்டு அப்புறம் குடோனுக்கு போக வேண்டிய மெசேஜை கியூல (மெசேஜ் வரிசையா காத்திருக்கற இடத்துல) போடறப்ப நடுவுல சர்வர் விழுந்துச்சுன்னா கூலி ஏறியிருக்கும், ஸ்டாக் ஏறாது. அதனால அனுப்ப வேண்டிய மெசேஜையும் அதே டேட்டாபேஸ்ல அவுட்பாக்ஸ்னு ஒரு டேபிள்ல அதே டிரான்சாக்‌ஷன்லயே எழுதுங்க, தனியா ஒரு புரோகிராம் அதை எடுத்து அனுப்பட்டும். அது சில சமயம் ரெண்டு தடவை அனுப்பும், குடோன் பக்கமும் அதே ஐடியை பாத்து தள்ளிடணும்.

ரீட்ரை, அதாவது தோத்தா திரும்ப முயற்சி பண்றதை, ஒரு இடத்துல மட்டும் வைங்க. மூணு அடுக்கு இருந்து ஒவ்வொண்ணும் மூணு தடவை முயற்சி பண்ணினா கடைசி டேட்டாபேஸ்க்கு 27 தடவை அடி விழும், அதுவும் அது ஏற்கனவே திணறிட்டிருக்கற நேரத்துல. 1, 2, 4, 8 செகண்டுன்னு இடைவெளியை கூட்டிட்டே போங்க, கூடவே கொஞ்சம் ரேண்டமா தள்ளி விடுங்க, இல்லன்னா கரண்ட் வந்ததும் மலையில இருக்கற அத்தனை போனும் ஒரே நொடியில கதவை தட்டும். டைம்அவுட் (பதிலுக்கு இவ்வளவு நேரம்தான் காத்திருக்கறதுங்கற வரம்பு) இல்லாத அழைப்பு ஒண்ணு கூட இருக்கக்கூடாது.

நேரத்தை நம்பி எது முன்னாடி எது பின்னாடின்னு முடிவு பண்ணாதீங்க. ஒரு போன் கடிகாரம் மூணு நிமிஷம் பின்தங்கி இருந்தா "கடைசியா எழுதினது ஜெயிக்கும்"ங்கற ரூல் புது திருத்தத்தை தூக்கி போட்டுட்டு பழசை வச்சுக்கும். கம்ப்யூட்டர் விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் 1978லயே இதுக்கு வழி எழுதிட்டாரு, கடிகாரம் இல்லாம எண்ணிக்கையை வச்சே வரிசை புடிக்கலாம்னு. நமக்கு சிம்பிளா, ஒவ்வொரு பதிவுக்கும் வெர்ஷன் நம்பர் போதும்: திருத்தம் வர்றப்ப எந்த வெர்ஷனை பாத்து திருத்துனாங்கன்னு சேத்து வரணும், பொருந்தலன்னா சும்மா மேல எழுதாம ஒரு ஆள்கிட்ட காட்டணும்.

லைன் அறுந்தப்ப என்ன பண்ணணும்ங்கறது டெவலப்பர் தனியா எடுக்கற முடிவு இல்ல. கம்ப்யூட்டர் விஞ்ஞானி எரிக் புரூவர் 2000ல சொன்னது, 2002ல கில்பர்ட்டும் லிஞ்சும் நிரூபிச்சது: நெட்வொர்க் துண்டான நேரத்துல எல்லா இடத்துலயும் ஒரே பதில், எப்பவும் பதில், இது ரெண்டும் சேந்து கிடைக்காது. ஆனா மொத்த சிஸ்டத்துக்கும் ஒரே முடிவு எடுக்கணும்னு இல்ல. எடை பதியறது நிக்கவே கூடாது, போன்ல சேமிச்சு அப்புறம் அனுப்பட்டும். கூலி பட்டுவாடா மட்டும் எல்லா எடையும் வந்து சேந்தாச்சுன்னு தெரியற வரைக்கும் நிக்கட்டும். மேஸ்திரியையும் கணக்குப்பிள்ளையையும் உக்கார வச்சு கேளுங்க, எதை காக்க வைக்கலாம்னு அவங்களுக்கு நல்லா தெரியும்.

லாக்ல (சிஸ்டம் என்ன பண்ணுச்சுன்னு எழுதி வைக்கற பதிவுல) எல்லா இடத்துலயும் அந்த எடை ஐடியே வரணும், யாராவது "என் 38 கிலோ எங்கண்ணா"ன்னு கேட்டா ஒரே தேடல்ல போன்ல இருந்து குடோன் வரைக்கும் தெரியணும். கியூல எத்தனை மெசேஜ் இருக்குன்னு பாக்கறதை விட, இருக்கறதுலயே பழைய மெசேஜ் எவ்வளவு நேரமா நிக்குதுன்னு அலாரம் வைங்க.

டெஸ்ட் பண்றப்ப ஆபீஸ் வைஃபைல வச்சு ஓட்டி பாத்துட்டு சரின்னு சொல்லிடாதீங்க. லினக்ஸ்ல நெட்எம்னு ஒண்ணு இருக்கு, நெட்வொர்க்ல போற தகவல் பாக்கெட்டை தாமதமாக்கும், தொலைக்கும், ரெண்டாக்கும், அதை போட்டுட்டு ஒரு நாள் முழுக்க எடை ஏத்துங்க, நடுவுல சர்வரையும் புடுங்கி விடுங்க. சாயங்காலம் போன்ல இருக்கற மொத்த கிலோ, கூலி கணக்கு கிலோ, குடோன் கிலோ மூணையும் ஒப்பிடற ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைங்க, லைவ் போன பிறகும் அது தினமும் ராத்திரி ஓடட்டும், வித்தியாசம் வந்தா காலைல பறிப்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மெசேஜ் வந்துடணும்.