டயர் வெடித்தால் பிரேக்கைத் தொடாதீர்கள்

சித்திரை வெயில், திருச்சி நெடுஞ்சாலை, வேகம் 100. திடீரென்று 'டமார்' என்று ஒரு சத்தம், கார் ஒரு பக்கமாக இழுக்கிறது. கால் தானாகப் பிரேக்குக்குத்தான் போகும், வினையே அங்கேதான். சடாரென்று பிரேக் பிடித்தால் வண்டி சுழன்றுவிடும். ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்து, வண்டியை நேராக வைப்பதுதான் முதல் வேலை. பிறகு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். கிழிந்த டயரே வேகத்தைக் குறைத்துவிடும். நன்றாக வேகம் குறைந்தபின் இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் ஒதுங்கலாம்.

வெயில் காலத்தில் டயர் வெடிக்காமல் இருக்கக் காற்றைக் குறைத்து வைப்பவர்கள் உண்டு. சரியான தப்பு அது! காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிரும். அந்தச் சூட்டிலேயே அது பலமிழந்துவிடும். எத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். முழு லோடுக்குத் தனி அளவு. காலையில், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பாருங்கள். ஸ்டெப்னியையும்தான்.

அப்புறம் வயது. பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. பட்டன் (டயரில் சாலையைத் தொடும் மேடுகள்) தேயாமல் இருந்தாலும் ஆறு வயது தாண்டிய டயரோடு நான் நெடுஞ்சாலை ஏறுவதில்லை. பக்கச்சுவரில் கொப்புளம் தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள், பஞ்சர் கடைக்காரர் "இன்னும் ஓடும் சார்" என்று சொன்னாலும்.