எஸ்.எம்.எஸ். வந்ததும் லாரியை அனுப்பாதீர்கள்: செக் போட்ட பணத்தில் நடக்கும் தவறுகள்

ஈரோட்டு ஜவுளிக் கடைகளில் கணக்கு எழுத ஆரம்பித்து இருபத்திரண்டு வருடமாகிறது. போன மாதம், ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பையன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "அண்ணா, பார்ட்டி பணம் ஏறிடுச்சுங்க. மில்லுக்குச் செக் எழுதிடட்டுங்களா?"

வாங்கிப் பார்த்தேன். பார்ட்டி செக் போட்டிருந்தார், அவ்வளவுதான். 2017இல் நானும் இதே சந்தோஷத்தோடு இதே மாதிரி ஒரு மெசேஜைப் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தின் மீதிக் கணக்கு இன்னும் எங்கள் பேரேட்டில் இருக்கிறது.

தேதி தப்பாகப் போடுவது, கையெழுத்து மாறுவது, எண்ணில் ஒன்றும் எழுத்தில் ஒன்றுமாகத் தொகை எழுதுவது எல்லாம் ஒரு தடவை செக் திரும்பினால் சரியாகிவிடும். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

ஏறியதைப் பார்த்துச் செலவு செய்வது

ஒரு வெள்ளிக்கிழமை. வெளியூர் பார்ட்டி, மூன்று மாதப் பழக்கம். பெட்ஷீட்டும் துண்டுமாக 2,85,000 ரூபாய்ச் சரக்கு பேல் கட்டி லாரி ஆபீசில் கிடந்தது. பார்ட்டி தன் ஊரில் இருக்கும் எங்கள் வங்கிக் கிளையிலேயே எங்கள் கணக்குக்குச் செக்கைப் போட்டுவிட்டு, சீல் குத்திய கவுண்டர்ஃபாயிலைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சாயங்காலம் நாலரை மணிக்கு எனக்கு எஸ்.எம்.எஸ். வந்தது. கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், 2,85,000 வரவு, கடைசியில் மூன்று சொல்: 'சப்ஜெக்ட் டு ரியலைசேஷன்', அதாவது பணம் வசூலானால்தான் இந்த வரவு நிற்கும். தொகையை இரண்டு முறை படித்தேன். அந்த மூன்று சொல்லில் கண் போகவே இல்லை.

இரவு எட்டு மணிக்கு லாரி கிளம்பியது. சரக்கை எடுக்கக் காட்ட வேண்டிய லாரி ரசீதான எல்.ஆரைப் பார்ட்டிக்குக் கூரியரில் போட்டேன். அதே கையோடு நூல் மில்லுக்கு இரண்டரை லட்சத்துக்கு எங்கள் செக்கை எழுதி முதலாளியிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை. 2015 செப்டம்பரிலிருந்து மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கி கிடையாது. அடுத்து ஞாயிறு. ஆகவே அந்தச் செக் கிளியரிங்குக்கு, அதாவது பார்ட்டியின் வங்கியிடம் பணம் கேட்டு, போனதே திங்கட்கிழமைதான். செவ்வாய் மத்தியானம் திரும்பி வந்தது. ரிடர்ன் மெமோவில் காரணம், கணக்கில் பணம் போதவில்லை. சரக்கு அதற்குள் பார்ட்டியின் குடோனில் இறங்கிவிட்டது. எங்கள் கணக்கில் பணம் இல்லாததால் மில்லுக்குக் கொடுத்த செக்கும் அன்றைக்கே திரும்பியது.

இரண்டுக்கும் வங்கி பிடித்த ரிடர்ன் சார்ஜ் பெரிய காசில்லை. பத்து வருடமாகக் கடனுக்கு நூல் கொடுத்த மில், அடுத்த ஆறு மாதம் கைக்குக் கை பணம் கொடுத்தால்தான் நூல் என்றது. அதுதான் அடி. பார்ட்டிக்கு வக்கீல் மூலமாக, பணமில்லாமல் செக் திரும்பினால் வழக்குப் போட வழி தரும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138வது பிரிவில் நோட்டீஸ் விட்டோம். செக் திரும்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்தபின் அவருக்கு 15 நாள் அவகாசம். அப்போதும் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். நோட்டீஸைப் பார்த்துப் பயந்து தவணை தவணையாக ஒன்றரை லட்சத்துச் சொச்சம் கொடுத்தார். மீதிக்குக் கோர்ட் ஏறி இறங்க முதலாளிக்கு மனசில்லை. என்னைத் திட்டவும் இல்லை. போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "எழுதித்தானப்பா இருக்குது" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

விஷயம் இதுதான். ஒருவர் தன் வங்கிக்கு 'என் கணக்கிலிருந்து இவருக்கு இவ்வளவு கொடு' என்று எழுதிய சீட்டுதான் செக். அதை உங்கள் வங்கியில் போட்டால் வசூலித்துத் தரச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். எதிர் வங்கி கையெழுத்தைப் பார்க்க வேண்டும், இருப்பைப் பார்க்க வேண்டும், பணம் கொடுக்காதே என்று கணக்குக்காரர் நிறுத்தி வைத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அதுவரை உங்கள் வங்கிக்கு ஒரு பைசா வந்திருக்காது. ஆனாலும் கணக்கில் வரவை எழுதிக் காட்டும். அதனால்தான் ஸ்டேட்மென்ட்டில் இரண்டு இருப்பு தெரிகிறது. லெட்ஜர் பேலன்ஸ் என்பது எழுதியிருப்பது. அவைலபிள் பேலன்ஸ் என்பது எடுக்கக்கூடியது. அன்றைக்கு நான் இரண்டாவதைப் பார்த்திருந்தால் போதும், லாரி ஷெட்டிலேயே நின்றிருக்கும். தொகையை முதலிலும் நிபந்தனையைக் கடைசியிலும் போட்டு மெசேஜ் அனுப்புவது யார் மூளையில் உதித்ததோ, இன்றைக்கும் அதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

அவசரச் சரக்கு, செக் இன்னும் பாஸ் ஆகவில்லை என்றால் நாங்கள் இப்போது செய்வது இது: லாரியில் 'செல்ஃப்' என்று எங்கள் பேரிலேயே புக் செய்கிறோம். எல்.ஆர். எங்களிடம் இருக்கும். செக் பாஸ் ஆனபிறகு அதைப் பார்ட்டிக்கு அனுப்புவோம். அது இல்லாமல் அங்கே டெலிவரி கிடைக்காது.

'மூணு மணி நேரத்துல பாஸ் ஆயிடும்' என்று நம்புவது

பையன் சொன்னது. எங்கேயோ படித்திருக்கிறான். பாதி சரி.

செக் காகிதம் ஊர் ஊராகப் போன காலம் மலையேறிவிட்டது. சென்னையில் 2011இல் வந்த சி.டி.எஸ். முறையில் செக்கின் படமும் அடியில் அச்சடித்த எம்.ஐ.சி.ஆர். எண்களும் மட்டும்தான் போகின்றன. ஆனால் வெகுகாலம் அது கட்டுக்கட்டாகப் போனது, முடிவு தெரிய அடுத்த வேலை நாள் ஆகும். 2025 அக்டோபர் 4 முதல் ரிசர்வ் வங்கி அதை மாற்றிவிட்டது. கிளையில் வாங்கிய செக்கை ஸ்கேன் செய்து அப்போதைக்கப்போதே அனுப்புகிறார்கள். எதிர் வங்கி அன்று மாலை 7 மணிக்குள் சரி அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். வாயே திறக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். வங்கிகளுக்குள் பணம் கைமாறிய ஒரு மணி நேரத்துக்குள் உங்கள் கணக்கில் விடுவிக்க வேண்டும். மூன்று மணி நேரக் கெடு என்பது இதன் இரண்டாம் கட்டம். 2026 ஜனவரியில் வருவதாக இருந்து, தள்ளிவைக்கப்பட்டது.

இப்போது சந்தேகக் காலம் நாட்களிலிருந்து மணிக்குச் சுருங்கியிருக்கிறது. அந்த மணிக்குள்ளும் லாரி கிளம்பிவிட முடியும்.

டிராப் பாக்ஸ்

வங்கியில் செக் போட வைத்திருக்கும் பெட்டியில் எழுதியிருக்கும் நேரத்துக்குப் பிறகு போட்ட செக், மறுநாள் செக்.

பாசிட்டிவ் பே கேட்காமல் விடுவது

2021 ஜனவரியிலிருந்து 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக்குகளுக்கு இது உண்டு. செக் எழுதியவர் எண், தேதி, பெயர், தொகையைத் தன் வங்கிக்கு முன்கூட்டியே தெரிவிப்பது. 5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வங்கி இதைக் கட்டாயமாக்கலாம். அப்படிக் கட்டாயமாக்கிய வங்கியில் பார்ட்டி தெரிவிக்க மறந்தால், கணக்கில் பணம் இருந்தும் செக் திரும்பலாம். பெரிய செக்கை வாங்கும்போதே "பாசிட்டிவ் பே போட்டாச்சுங்களா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், நல்ல பார்ட்டி கோபித்துக்கொள்ள மாட்டார்.

கவுண்டரில் சண்டை போடுவது

கேஷியரால் ஆவது ஒன்றுமில்லை. அடிக்கடி அவசரம் வருகிற தொழிலாக இருந்தால் மேனேஜரிடம் உட்கார்ந்து செக் பர்ச்சேஸ் லிமிட் கேளுங்கள். செக்கை வைத்துக்கொண்டு முன்பணம் தருவார்கள். வட்டி உண்டு, செக் திரும்பினால் உங்கள் கணக்கிலேயே பிடித்துக்கொள்வார்கள்.

யு.பி.ஐ. என்றால் பயமில்லை என்று இருப்பது

யு.பி.ஐ. உடனே ஏறும், எடுக்கவும் முடியும். ஆனால் எங்கள் வரிசையில் இருக்கும் ஒரு சின்னக் கடைக்காரருக்குப் போன வருடம் 8,000 ரூபாய் கணக்கில் தெரிந்தும் எடுக்க முடியவில்லை. யாரோ முகம் தெரியாதவர் துணி வாங்கிவிட்டு அனுப்பிய பணம் அது. எங்கேயோ ஏமாற்றப்பட்டவர் 1930க்குப் போன் செய்து புகார் கொடுக்க, பணம் போன வழியையெல்லாம் பிடித்துக்கொண்டு வந்த போலீஸ் அந்தத் தொகையை நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தது. இதற்கு லியன் என்று பெயர். வங்கியிடம் புகார் எண்ணும் எந்த ஊர் ஸ்டேஷன் என்பதும் கேட்டு வாங்கி, பில் நகலோடு எழுதிக் கொடுக்க வேண்டும். அவரிடம் பில் இருந்தது. 'எதுக்குண்ணா ரெண்டு துண்டுக்கெல்லாம் பில்' என்பவர்கள் கவனிக்க.

ஸ்கிரீன்ஷாட்

ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் இரண்டும் கணக்கிலிருந்து கணக்குக்கு நேராகப் பணம் அனுப்பும் வழி. ஆர்.டி.ஜி.எஸ். 2 லட்சமும் அதற்கு மேலும், 2020 டிசம்பர் 14 முதல் நாள் முழுக்க நடக்கிறது. நெஃப்ட் அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் போகிறது. இரண்டிலும் பணம் வந்தால் வந்ததுதான், செக் மாதிரித் திரும்பாது. ஆனால் வந்திருக்க வேண்டும்.

நேற்று மத்தியானம் பையன் ஒரு பார்ட்டி அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைக் கொண்டுவந்தான். பச்சை டிக், பணம் அனுப்பியதற்கு வங்கி தரும் யு.டி.ஆர். எண் எல்லாம் இருந்தது. நம்ம ஸ்டேட்மென்ட்டைத் திறடா என்றேன். திறந்தான். மூன்று மணிக்கு ஒருமுறை, ஐந்து மணிக்கு ஒருமுறை, கடை சாத்தும்போது ஒருமுறை திறந்து பார்த்தான். எல்.ஆர். என் டிராயரில்தான் இருக்கிறது.