மலையேறினால் கார் மிஸ் ஆகிறதா? கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

மேட்டுப்பாளையத்தில் நன்றாக இருந்த வண்டி பர்லியாறு தாண்டியதும் திணறும். குன்னூர் வருவதற்குள் கரும்புகை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் நின்றுபோகும். பழைய மாருதி 800, பிரீமியர் பத்மினி, அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். உடனே ஸ்க்ரூடிரைவரோடு, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைத் திருகப் போகாதீர்கள். அது கடைசி வேலை.

முதலில் மலையின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2240. ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். ஆனால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் ஜெட்டின் துளை எங்கே போனாலும் அதே அளவு. காற்று குறைகிற அளவுக்குப் பெட்ரோல் குறையாது, கலவையில் பெட்ரோல் கூடிவிடும். அதனால் இழுவை கொஞ்சம் குறைவது பழுதில்லை. விட்டுவிட்டு அடிப்பது (மிஸ் ஆவது), ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இருக்கும் ஓட்டம், நிலையாக இல்லாதது, புகை கறுப்பாக வருவது ஆகியவைதான் நாம் தேட வேண்டிய பழுதுகள்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட வேண்டாம், அந்தப் புகை ஆளைக் கொன்றுவிடும்.

ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரிய வேண்டும். அப்படியே கார்புரேட்டர் வாயையும் பாருங்கள். இன்ஜின் சூடான பிறகு, குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் சோக் தகடு நிமிர்ந்து முழுதாகத் திறந்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் தினமும் சோக் இழுக்கிற ஊரில் கேபிள் பாதியில் சிக்கிக்கொள்வது சகஜம். கரும்புகைக்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

அப்புறம் பெட்ரோலைப் பொறியால் பற்றவைக்கும் பிளக். இன்ஜின் ஆறியதும் கழற்றி, வரிசை மாறாமல் ஒரு துணியில் வையுங்கள். நுனி பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் நல்லது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக வெளிறியிருந்தால் காற்று அதிகம். ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு இருந்தால் அந்தச் சிலிண்டர் பற்றவே இல்லை. எல்லாமே கரியா, ஒன்று மட்டும் வேறா என்று பாருங்கள். எல்லாமே கரி என்றால் சோக், ஃபில்டர், கலவை. ஒன்று மட்டும் வேறு என்றால் பெரும்பாலும் அந்த பிளக், அதன் வயர்.

இந்த மலையில் மிஸ் ஆகிற வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது ஈரத்தைத்தான். ஒரு ஐப்பசி மழையில் என் கார் காலையில் மட்டும் மிஸ் ஆகிக்கொண்டே இருந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தார்கள், மாற்றமே இல்லை. அன்று இரவு மூடுபனியில், விளக்கை அணைத்துவிட்டு, ஓடுகிற இன்ஜினின் பானெட்டைத் திறந்து பார்த்தேன். பிளக் வயரிலிருந்து இன்ஜின் உடம்புக்கு மெல்லிய நீலப் பொறி தாவிக்கொண்டிருந்தது, டிக் டிக் என்ற சத்தத்தோடு. இன்ஜினை அணைத்து, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால், உள்ளே முத்துமுத்தாக ஈரம், நடுவே தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு. மின்சாரம் அந்தக் கோட்டின் வழியே கசிந்திருக்கிறது. மூடியையும் வயர்களையும் மாற்றினேன், சரியாகிவிட்டது. நீங்களும் இருட்டில் பாருங்கள், ஆனால் கை வைக்காதீர்கள், ஷாக் பலமாக அடிக்கும்.

ஐடிலிங் ஏறி இறங்கினால் எங்கோ இடுக்கு வழியே ஏர் எடுக்கிறது. இன்ஜின் உறிஞ்சலோடு இணைந்த ரப்பர் குழாய்களான வேக்குவம் ஹோஸ்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பாருங்கள், கார்புரேட்டர் அடிநட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பனியில் சிறிது தூரம் ஓடி நின்று, பத்து நிமிடம் கழித்துத் தானாகச் சரியானால், கார்புரேட்டர் கழுத்தில் ஐஸ் படிந்திருக்கலாம். ஆவியாகும் பெட்ரோல் அங்கே குளிர்ச்சியை உண்டாக்கி, காற்றின் ஈரத்தை உறைய வைக்கிறது. சூடான காற்றை இழுக்கும் குழாய் ஃபில்டரில் இருந்தால், அது கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டும், கார்புரேட்டரில் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூ. இன்ஜினை அணைத்துவிட்டு, மென்மையாக முழுதும் மூடி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். இறுக்கினால் முனை கெட்டுவிடும். அதே எண்ணிக்கைக்குத் திறந்து, இன்ஜினைச் சூடாக்கி, கால் கால் சுற்றாகத் திருப்பி, ஓட்டம் சீராக உள்ள இடத்தில் விடுங்கள். இது ஐடிலிங்கை மட்டுமே மாற்றும். சமவெளிக்கு இறங்கிச் சில நாள் தங்குவதாக இருந்தால், எழுதி வைத்த எண்ணிக்கைக்கே திருப்பிவிடுங்கள்.