இருவர் செல்லும் படகில் சால்மன் மீன்பிடித்தல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

கனடாவின் வான்கூவர் தீவில், டிஸ்கவரி நீரிணையின் கரையில் உள்ள காம்பெல் ரிவர் நகரம் சால்மனுக்குப் பெயர் பெற்றது. துடுப்புப் படகில் சென்று 30 பவுண்டுக்குக் குறையாத சின்னூக் என்னும் சால்மன் வகை மீனைப் பிடித்தவர்களையே உறுப்பினராக்கும் டையீ கிளப், 1924 முதல் இங்கு இயங்குகிறது. மோட்டார் படகில் நண்பருடன் செல்பவருக்கு அத்தகைய நிபந்தனை இல்லை. ஆனால் இருவரில் யார் எந்த வேலையைப் பார்ப்பது என்பதைக் கரையிலேயே பேசி முடித்துவிட வேண்டும். மீன் மாட்டியபின் அதற்கு நேரம் கிடைக்காது.

முதலில், இருவரும் தனித்தனியே கடல்நீர் மீன்பிடி உரிமமும், பிடித்த சால்மனை வைத்துக்கொள்வதற்கான முத்திரையும் பெற வேண்டும். இப்பகுதி மீன்பிடி விதிகளுக்காகப் பிரிக்கப்பட்ட 13ஆம் மண்டலத்தைச் சேர்ந்தது. அளவு, எண்ணிக்கை பற்றிய விதிகள் பருவத்தின் நடுவிலும் மாறுவதால், புறப்படும் நாளன்றே மீன்வளத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். எதிர்முள் (மீன் நழுவாமல் தடுக்கும் பின்நோக்கிய கூர்) இல்லாத தூண்டில் முள்ளையே பயன்படுத்த வேண்டும்.

அடுத்து, கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையைப் பாருங்கள். வடக்கே சீமோர் குறுகலில் நீரோட்டம் 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வரை பாயும். புதியவர்களுக்கு அங்கு வேலையில்லை. நகருக்குத் தெற்கே, ஓதம் திரும்பும் வேளையை ஒட்டி மீன்பிடிப்பது பாதுகாப்பானது, பலனும் தரும்.

இனி இரையை இறக்கும் முறை. தூண்டில் நரம்பின் முனையில் மீனை ஈர்க்கும் ஃப்ளாஷர் என்னும் பளபளப்பான தகட்டையும், அதற்குப் பின்னால் ஐந்தாறு அடி தள்ளி நெத்திலி இரையையும் கட்டுங்கள். படகு 2 முதல் 3 நாட் வேகத்தில் செல்ல, நரம்பை இருபது அடியளவு பின்னால் விட்டு, ஈயக்குண்டைக் கம்பியில் ஆழத்திற்கு இறக்கும் கருவியான டவுன்ரிகரின் கவ்வியில் மாட்டி, ஈயக்குண்டுடன் சேர்த்து ஆழத்திற்கு இறக்க வேண்டும். முதலில் 80 அடியில் தொடங்கி, எதிரொலிக் கருவியில் மீன் தென்படும் ஆழத்திற்கேற்ப மாற்றுங்கள். பின்னர், தூண்டிற்கோல் நன்றாக வளையும்வரை நரம்பை இறுக்குங்கள்.

மீன் கடித்ததும் நரம்பு கவ்வியிலிருந்து விடுபட, வளைந்திருந்த கோல் சட்டென நிமிரும். அக்கணமே தளர்ந்த நரம்பைச் சுருட்ட வேண்டும். இப்பகுதியில் வழங்கும் ஒற்றை இயக்க ரீலில், மீன் ஓடும்போது கைப்பிடியும் சேர்ந்து சுழலும். விரலை எடுக்கத் தவறினால் கணுக்கள் நோகும். ரீலின் விளிம்பை உள்ளங்கையால் மெல்ல அழுத்தியே மீனைத் தடுக்க வேண்டும். அதே நேரத்தில் நண்பர் மற்றக் கோலையும் ஈயக்குண்டுகளையும் மேலேற்றிவிட்டு, படகை நிறுத்தாமல் மெதுவாக முன்செலுத்துவார். என் கருத்தில், மீனைக் கரை சேர்ப்பதில் பாதிப் பங்கு அவருடையது.

மீன் களைத்தபின் கைவலையை நீரில் தாழ்த்தி, தலைப்பக்கமாக உள்ளே வரவிடுங்கள். வாலைத் துரத்தி வலையை வீசினால் பெரும்பாலும் மீன் தப்பிவிடும். ஈறு கறுத்திருந்தால் சின்னூக், வெளுத்திருந்தால் கோஹோ என்னும் மற்றொரு சால்மன் வகை. கோஹோவில் வாலுக்கு முன்னுள்ள சிறிய கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்டிருந்தால், அது பொரிப்பகத்தில் வளர்ந்தது. விடவேண்டிய மீனை நீரிலிருந்து தூக்காமலே முள்ளைக் கழற்றிவிடுங்கள்.

வைத்துக்கொள்ளும் மீனைத் தலையில் ஓங்கி அடித்துக் கொன்று, செவுளை வெட்டி, இரத்தம் வடிந்ததும் பனிக்கட்டியில் புதைக்க வேண்டும். சின்னூக் என்றால், அதை உரிமத்தில் உடனே பதிந்த பிறகே அடுத்த இரையை இறக்குங்கள்.