பழைய வீட்டுக்கு விலை சொல்லும் முன் போட வேண்டிய கணக்கு

கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் பழைய வீடு வாங்குபவர்களில் பெரும்பாலோர் விலை பேசி, அட்வான்ஸும் கொடுத்த பிறகுதான் பழுதுபார்க்க எவ்வளவு ஆகும் என்று கேட்க வருகிறார்கள். ஓட்டு வீடுகளையும் மெட்ராஸ் டெரஸ் (மரச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிய தட்டைக் கூரை) வீடுகளையும் சீர்செய்து கொடுக்கும் பொறியாளர் என்ற முறையில் நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: பழுதுச் செலவு தெரியாமல் அந்த வீட்டுக்கு எந்த விலையும் சொல்லாதீர்கள். கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்.

உங்களால் திரட்ட முடிந்த மொத்தத் தொகை 60 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழுது மதிப்பீடு 12 லட்சம் வருகிறது. அதில் கால் பங்கு, அதாவது 3 லட்சத்தை எதிர்பாராத செலவுக்கு ஒதுக்குங்கள். மீதி 45 லட்சம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக, 40 லட்சம் ரூபாய்க்குக் கிரயம் செய்தால் பதிவுக்கே 3,60,000 போய்விடும். மிஞ்சும் 1,40,000 வக்கீலுக்கும், பத்திரம் எழுதுபவருக்கும், வேலை முடியும்வரை நீங்கள் குடியிருக்கும் வீட்டின் வாடகைக்கும் சரியாக இருக்கும். எனவே உங்கள் விலை 40 லட்சம். அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வங்கிக் கடனை நம்பியிருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். 30 லட்சம் வரையிலான கடன் என்றால் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை, 30 முதல் 75 லட்சம் வரை என்றால் 80 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு. ஆனால் வயதான கட்டடத்துக்கு வங்கியின் மதிப்பீட்டாளர் தேய்மானம் கழித்து மிகக் குறைவாகத்தான் மதிப்புப் போடுவார். பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது. அதைக் கைப்பணத்தில்தான் கட்ட வேண்டும்.

காவிரிக் கரை ஊர்களில் பல வீடுகள் கோயில் மனையில் நிற்கின்றன. மண் கோயிலுக்கு, கட்டடம் மட்டும் குடியிருப்பவருக்கு. அடிமனை வாடகை கட்டி வருவார்கள். அப்படிப்பட்ட வீட்டில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது சுவரையும் கூரையையும் மட்டுமே, அதற்குக் கடன் கிடைப்பதும் அரிது. விலை மலிவாக இருக்கிறதே என்று தோன்றினால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், நகர நில அளவைப் பதிவேடு மூன்றையும் வக்கீலிடம் கொடுத்துப் பாருங்கள். அதே பத்திரத்தில் பக்கச் சுவர் பொதுச்சுவரா, சொந்தச் சுவரா என்றும் படியுங்கள். தெருவில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் இடங்களில் உங்கள் உத்திரத்தின் ஒரு முனை அடுத்த வீட்டுக்காரரோடு பகிர்ந்த சுவரில் இருக்கும். அதைத் தொட அவர் சம்மதம் வேண்டும்.

பழுது மதிப்பீட்டைக் கூரையில் தொடங்குங்கள். பணத்தில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. ஓட்டு வீடு என்றால் ஓட்டைவிட மரத்தைப் பாருங்கள். கைமரமும் உத்திரமும் சுவருக்குள் நுழையும் இடத்தில்தான் ஈரம் தங்கும், கரையானும் அங்கிருந்தே ஏறும். நடுப்பகுதி தேக்கு இரும்பு மாதிரி இருந்தாலும் முனை மட்டும் மட்கியிருக்கும். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் சத்தம் பொத்தென்று விழும். அத்தகைய முனைகளை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஆசாரியிடம் தனித்தனியாக விலை கேளுங்கள். நாட்டு ஓடு சுடுபவர்கள் குறைந்துவிட்டார்கள். இடிக்கிற வீட்டில் ஓடு கிடைத்தால் முன்கூட்டியே வாங்கி அடுக்கிவிடுவேன். மெட்ராஸ் டெரஸில் தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்வாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு, தட்டோடு பதித்திருப்பார்கள். ஒழுகுகிறது என்று அதன்மேல் யாராவது சிமெண்ட் கான்கிரீட் கொட்டியிருந்தால், சட்டங்கள் அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். உடைத்து இறக்கும் கூலி, இடிபாடு ஏற்றிச் செல்லும் வண்டி வாடகை இரண்டையும் மதிப்பீட்டில் எழுதுங்கள்.

சுவரில் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறதென்றால் சிமெண்ட் பூசி மறைக்க வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்ட் அதைத் தடுத்துவிடுவதால் ஈரம் இன்னும் மேலே ஏறி, பூச்சு பாளம் பாளமாக விழும். சுண்ணாம்பிலேயே பூச வேண்டும். சுண்ணாம்பை நீற்றி ஊறவிட வேண்டும், ஒரு பூச்சு இறுகிய பிறகே அடுத்தது. எனவே இதில் பொருளின் விலையைவிடக் கொத்தனார், சித்தாள் கூலிதான் செலவை ஏற்றுகிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசினால் வேலையை அவசரப்படுத்துவார்கள். நாள் கூலியாகக் கொடுத்து, சனிக்கிழமைதோறும் கணக்கு முடிப்பதையே நான் விரும்புகிறேன்.

மின்கம்பிகளை முழுதும் மாற்றுவதாகவே வைத்துக்கொள்ளுங்கள். மரச்சட்டத்தில் ஓடும் பழைய கம்பியில் எர்த் இருக்காது. பழைய இரும்புக் குழாய்க்கும் அதே கதிதான். கழிவறையை உள்ளே கொண்டுவருவதும் கணக்கில் சேரட்டும்.

கிரய ஒப்பந்தத்தில் நிலை, கதவு, தூண், ஊஞ்சல் எல்லாவற்றையும் பட்டியலிட்டு எழுதிப் பதிவு செய்யுங்கள், புகைப்படமும் எடுத்து வையுங்கள். பழைய தேக்கு வாங்கும் வியாபாரிகள் இந்த ஊர்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். பத்திரப்பதிவுக்குள் கூடத்துத் தூண் காணாமல் போனால் அதே மரத்தில் புதிதாக நிறுத்த உங்களால் முடியாது.

வீட்டை ஐப்பசி மழையில் பார்க்க முடிந்தால் நல்லது. கூரை வேலையைப் பங்குனியில் தொடங்கி ஆனிக்குள் முடித்துவிட வேண்டும். பணம் போதாமல் போனால் வண்ணத்தையும் தரையையும் தள்ளிப் போடுங்கள், கூரையைத் தள்ளாதீர்கள். ஆத்தங்குடிக் கல் பதிக்க ஆசைப்படுபவர்களிடம் ஒரு மழைக்காலம் பொறுக்கச் சொல்வேன். எந்தச் சுவரடியில் ஈரம் ஏறுகிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும், பதித்த கல்லை மறுபடி பெயர்க்க நேராது.