உப்பில் கருகிய மிளகாய்ச் செடிகள்

திருகோணமலை உவர்மலையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மேல்மாடி வீட்டின் பல்கனியில் 6 சாடிகளில் மிளகாய் வளர்க்கிறேன். கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில், நாள்தோறும் கிணற்று நீர் ஊற்றியும் இலை நுனிகள் பழுப்பாகக் கருகி, பூக்கள் காம்போடு உதிர்ந்தன. பூச்சி என்று எண்ணி வேப்பெண்ணெய் தெளித்தேன், பயனில்லை.

ஒருநாள் சாடியின் விளிம்பைத் தடவியபோது வெண்ணிறப் பொருக்கு விரலில் ஒட்டியது. நாவில் வைத்தால் கரித்தது. நீர் ஆவியாகிப் போக, அதிலிருந்த உப்பு மண்ணிலேயே தங்கி, வேர் நீரை உறிஞ்ச விடாமல் தடுத்திருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிய நானே அதைச் சேர்த்திருக்கிறேன் என்று அறிந்தபோது மனம் மிகவும் வருந்தியது.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அக்காவின் சுவர் நனையாதிருக்கச் சாடிகளைக் குளியலறைக்குக் கொண்டுபோய், மேல்மண்ணை ஓர் அங்குலம் சுரண்டி நீக்கி, சாடியின் கொள்ளளவைப் போல் மூன்று மடங்கு குழாய்நீரை மெதுவாக ஊற்றி, அடித்துளைகள் வழியே முழுவதும் வடியவிட்டேன். பிறகு கூட்டெரு இட்டு, வைக்கோலால் மூடினேன். கருகிய இலைகள் மீளவில்லை. ஆனால் மூன்று வாரங்களில் கணுக்களில் பசுந்தளிர்கள் வந்தன. இப்போது ஊற்றும்போதெல்லாம் அடியில் வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கும் நீரை உடனே கொட்டிவிடுகிறேன். மாரி மழைநீரையும் வாளிகளில் சேர்த்து வைக்கிறேன்.