கொழுப்பு போகட்டும், தசை நிற்கட்டும்

உடல் எடையைக் குறைக்க முடிவெடுத்த கையோடு பலர் எடை தூக்கும் கம்பியிலிருந்து (பார்) எடைத் தட்டுகளைக் கழற்றிவிட்டு, இலகுவான எடையில் முப்பது ரெப் (ஒரு ரெப் என்பது ஒரு தடவை தூக்கி இறக்குவது) அடிக்கத் தொடங்குகிறார்கள். "கட்டிங்னா அப்படித்தான்" என்று ஜிம்மில் யாராவது சொல்லியிருப்பார்கள்; தசையை வைத்துக்கொண்டு கொழுப்பைக் குறைப்பதைத்தான் அங்கே கட்டிங் என்பார்கள். தசை கரைவது பெரும்பாலும் இங்கேதான். சாப்பாடு குறையும்போது உடம்பு செலவைச் சுருக்கப் பார்க்கும். கனமான எடை தொடர்ந்து வேலை வாங்கினால்தான் தசையை அது விட்டுவைக்கும். எந்த எடை தசையை வளர்த்ததோ, காப்பதும் அதே எடைதான்.

முதலில் கணக்கு. இரண்டு வாரம் வழக்கம்போல் சாப்பிட்டு, எல்லாவற்றையும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். தினமும் காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில் உடல் எடை பாருங்கள். எடை நிலையாக இருந்தால், அந்த நாட்களின் சராசரி கலோரிதான் உங்கள் பராமரிப்பு அளவு. ஆப் காட்டும் எண் வெறும் தோராயம். அதிலிருந்து 300 முதல் 500 கலோரி குறையுங்கள். வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 1 சதவீதம் இறங்கினால் போதும். கொழுப்பு அதிகமுள்ளவருக்கு 1 தாங்கும். ஏற்கெனவே ஒல்லியானவர் 0.5-ஐத் தாண்ட வேண்டாம்.

80 கிலோ எடையுள்ளவரின் பராமரிப்பு அளவு 2,600 என்று வைத்துக்கொள்வோம். இலக்கு 2,150. புரதம் கிலோவுக்கு 2 கிராம் வீதம் 160 கிராம், அதாவது 640 கலோரி. கொழுப்பு 60 கிராம், 540 கலோரி. மிச்சமுள்ள 970 கலோரிக்கு ஏறக்குறைய 240 கிராம் மாவுச்சத்து. அதில் பெரும்பங்கைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் வைத்துக்கொள்ளுங்கள். புரதத்தை மூன்று நான்கு வேளைக்குப் பிரியுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த அளவுக்குப் போகக் கூடாது. கணக்கு உதைப்பது பெரும்பாலும் எண்ணெயில்: ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி, அதை யாரும் அளப்பதில்லை.

பயிற்சியில் தூக்கும் எடையைக் குறைக்காதீர்கள். அலுப்பு தீரவில்லையென்றால் செட்டை (இடைவிடாமல் செய்யும் ரெப்களின் ஒரு சுற்று) குறையுங்கள். வாரத்துக்கு ஒரு தசைக்கு 12 செட் செய்தவர் 8-க்கு இறங்கலாம், ஆனால் இரண்டு நாளாகப் பிரித்துச் செய்ய வேண்டும். ஒவ்வொரு செட்டையும் இன்னும் ஒன்றிரண்டு ரெப் வரும் என்ற இடத்தில் நிறுத்துங்கள். எல்லாவற்றையும் நோட்டில் குறியுங்கள், ஏனென்றால் தசை போகிறதா என்பதைக் கண்ணாடியைவிட நோட்டுதான் முன்கூட்டிச் சொல்லும். ஒருநாள் சறுக்கலைப் பொருட்படுத்த வேண்டாம். இரண்டு வாரமாகப் பல பயிற்சிகளிலும் பலம் இறங்கினால், 150 முதல் 200 கலோரியை மாவுச்சத்தாகக் கூட்டுங்கள். உடம்பு இளைக்கும்போது, மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் சற்று இறங்குவது சகஜம். ஆனால் புல்-அப்பில் கம்பியில் தொங்கி உங்கள் உடலையே மேலே இழுக்கிறீர்கள்; ஐந்து கிலோ குறைந்தும் அதன் எண்ணிக்கை ஏறவில்லையென்றால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

கார்டியோவுக்கு (இதயத்துக்கு வேலை தரும் பயிற்சி) நடை போதும். நாளுக்கு 8,000 காலடி என்று தொடங்குங்கள். கால் பயிற்சிக்கு முந்தைய நாள் கடும் ஓட்டம் ஓடினால் ஸ்குவாட்டில் (எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) அடி வாங்குவீர்கள்.

தூக்கத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 2010-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஒரே கலோரி அளவில் 8.5 மணி நேரமும் 5.5 மணி நேரமும் படுக்கையில் இருக்கவைத்து ஒப்பிட்டார்கள். இறங்கிய எடை ஏறக்குறைய ஒன்றே. தூக்கம் குறைந்தபோது கொழுப்பிழப்பு 55 சதவீதம் சரிந்தது, கொழுப்பல்லாத எடை 60 சதவீதம் கூடுதலாகப் போனது.

முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கினால் துள்ள வேண்டாம். தசையில் சேமித்த ஒரு கிராம் கிளைகோஜன் (உடல் சேமித்துவைக்கும் மாவுச்சத்து) சுமார் 3 கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கும்; வெளியேறியது பெரும்பாலும் அந்த நீர்தான். வாரச் சராசரியையும் தொப்புள் மட்டத்து இடுப்பளவையும் மட்டும் பாருங்கள். மாதவிடாய் சமயத்தில் நீர் தேங்குவதால் பெண்கள் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது நல்லது. மூன்று வாரம் சராசரியும் இடுப்பும் அசையாவிட்டால் 100 முதல் 150 கலோரி குறையுங்கள், அல்லது நடையைக் கூட்டுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள்.

எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கடந்ததும் ஒன்றிரண்டு வாரம் பராமரிப்பு அளவில் சாப்பிடுங்கள். எடை குறைந்திருப்பதால் அந்த அளவும் இப்போது குறைந்திருக்கும், பழைய 2,600-க்குத் திரும்பிவிடாதீர்கள். முதல் சில நாட்களில் தராசு ஒரு கிலோ கூட்டிக் காட்டும். பயந்து சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம், போன நீர்தான் திரும்பி வருகிறது.